சீர்க்கரும்பு

தியாகதுருகத்து வீட்டு வாசலில் அன்று இருந்தவர்கள்: தாய்மாமன் சீர் கொண்டுவந்த சின்னதுரை, அவர் மனைவி இருசம்மாள், வண்டியோட்டி சடையன், எதிர்கொள்ள நின்ற அவருடைய கடைசித் தங்கை சாலம்மாள், அவள் கணவர் சுப்புராயன், அவர்களுடைய ஒரு வயதுப் பெண் எழில்மதி. காதுகுத்து அவளுக்குத்தான்.

சின்னதுரைக்குப் பார்க்கின்சன் நோய் வந்து மூன்று வருஷம். கை நடுங்குவதை அவர் பொருட்படுத்தவில்லை. ஆனால் வாசற்படியைக் கண்டால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மானத்தை வாங்கியது அதுதான். சீர்த்தட்டோடு தன் காலால் உள்ளே போகவேண்டும், யாரும் தூக்கக்கூடாது என்பது அவர் வைராக்கியம். தரையில் குறுக்கே கோடு போட்டுத் தாண்டிப் பழகினால் கால் எழும்பும் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தவர் சொல்லியிருந்தார். சில்லு விளையாட நான் சின்னப் பெண்ணா என்று சின்னதுரை வீட்டில் ஒரு கோடுகூடப் போட விடவில்லை.

அன்று இட ஒதுக்கீடு கேட்டு மறியல். ஊருக்கு அரை மைல் முன்னால் புளியங்கிளைகளை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். மாட்டுவண்டி நின்றது, சடையன் கரும்புக்கட்டைத் தலையில் தூக்கிக்கொள்ள, இறங்கி நடந்தார்கள். முதல் கிளையில் இருசம்மாள் கைகொடுக்கப் போவதற்குள் அவர் தாண்டி அந்தப் பக்கம் நின்றார். ஏழாவது கிளையில் அவளே பின்தங்கிவிட்டாள்.

"இன்னாங்க, கோடு போட்டா கௌரவம் போவும், மரம் போட்டா போவாதா?" என்றாள்.

"பேசாம வா. நேரமாவுது" என்றார். மீசைக்குள் சிரிப்பு.

வாசலில் மேளம் கொட்டியது. இருசம்மாளிடமிருந்து சீர்த்தட்டை வாங்கிக்கொண்டு சின்னதுரை படியைப் பார்த்தார், கால் நின்றுவிட்டது. நாதஸ்வரக்காரர் ஒரு சுற்று ஊதி மறுசுற்றும் தொடங்கிவிட்டார். மச்சானைத் தூக்கிவிடச் சுப்புராயன் முன்னால் வந்தார். சின்னதுரை தலையசைத்து அவரை நிறுத்தினார்.

"சடையா, சீர்க்கரும்புக் கட்ட அவுத்துடு. என் காலுக்கு முன்னால குறுக்க போடு. அடிக்கு ஒண்ணு."

படிக்கு இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் ஐந்து. தட்டில் வெற்றிலை நடுங்க நடுங்க, ஒவ்வொரு கரும்பாகத் தாண்டி மணையில் போய் உட்கார்ந்தார். சாலம்மாள் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமன் மடி ஓயாமல் ஆடியதில் எழில்மதி தூங்கிப்போனாள். ஆசாரி காது குத்தியபோது ஒரு வீறல், மறுபடி தூக்கம்.

அந்த வீட்டுச் சீரில் தாய்மாமன் ஒன்பது கரும்பு தாண்டி வரவேண்டும், அது பரம்பரை வழக்கம் என்று தியாகதுருகத்தில் சொல்கிறார்கள். அப்படி ஒரு வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. கரும்பு போட்டது சின்னதுரையின் காலுக்காக.