லிஃப்ட்காரரின் கனவு

எங்கள் கூட்டம் நடக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க நாயாக அலைந்தேன். கீழே பல் ஆஸ்பத்திரி, மேலே நாங்கள். வாசலில் போர்டு கிடையாது. குடியை விட்டவர்களும் விடப் பார்க்கிறவர்களும் கூடுகிற இடத்துக்கு எவன் போர்டு வைப்பான்? முதல் தடவை படியேறத் தைரியம் வராமல் கீழேயே நின்றுவிட்டேன். அங்கிருந்த பெண் என்ன வேண்டும் என்று கேட்டாள். பல்வலி என்று சொல்லித் தொலைத்தேன். சும்மா இருந்த கடைவாய்ப் பல்லைக் குடைந்து அடைத்து அனுப்பிவிட்டார்கள்.

இப்போது வாரம் தவறாமல் மாடிக்கே போகிறேன். துணி ஆல்டர் செய்து கொடுக்கிற கடை வைத்திருப்பதால் இங்கே எல்லோருக்கும் நான் டெய்லரம்மா. அவரவர் வேலைக்குப் போவதற்கு முன்னால், காலையிலேயே கூடிவிடுவோம். வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆறிப்போன டீ, கீழேயிருந்து பல் குடைகிற சத்தம். சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, சொன்னதைத் துருவிக் கேட்கவும் கூடாது. வீட்டில் கேள்விமேல் கேள்வி கேட்டுத்தான் எங்களைப் பொய்யில் தேறவைத்தார்கள்.

குடியை விட்டவர்களுக்கு ஒரு கனவு வரும். கனவில் குடிப்போம். விழித்ததும் வாயில் ருசி அப்படியே இருக்கும், ஐயோ குடித்துவிட்டேனே என்று ஈரக்குலை நடுங்கும். கட்டிலைத் தடவிப் பார்த்து, கனவுதான் என்று தெரிந்ததும் வருகிற நிம்மதி இருக்கிறதே, அதற்கு ஈடே இல்லை. கூட்டத்தில் யாராவது இந்தக் கனவைச் சொன்னால் சிரித்துக் கைதட்டுவோம். கனவில் குடித்தது எங்களுக்குக் கணக்கில் சேராது.

லிஃப்ட் பழுது பார்க்கிறவர் ஒருவர் வருவார். அவருக்கு இந்தக் கனவு அடிக்கடி வரும். அவர் கனவில் மட்டும் ஊற்றிக்கொடுக்க ஆள் உண்டு. குடித்தே செத்துப்போன அவருடைய அண்ணன். தம்பிக்கு வேலையையும் பழக்கி, குடியையும் பழக்கிவிட்டுப் போய்ச் சேர்ந்த மனிதர். செத்த பிறகு அவர் தம்பியைப் பார்க்க வருவது அந்தக் கனவில் மட்டும்தான். நான் அவரைக் கண்டதே இல்லை, ஆனாலும் எனக்கு அவரைப் பிடிக்காது.

அன்றைக்கு லிஃப்ட்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். காலடியில் கருவிப் பை. இங்கிருந்து நேரே ஒரு பெரிய கட்டடத்து லிஃப்டுக்குப் போக வேண்டும் என்றார். முறை வந்ததும் கனவைச் சொன்னார். மொட்டைமாடியில் இருக்கிற லிஃப்ட் மோட்டார் அறையில் அண்ணன் காத்திருந்தாராம். பிளாஸ்க் மூடியில் ஊற்றி, முதலில் தம்பிக்குக் கொடுத்தாராம். இறங்கும்போது இவர் படியில் குப்புற விழ, அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தாராம். எல்லோரும் கைதட்டினோம்.

தட்டி முடித்துக் கையை மடியில் வைக்கும்போதுதான் அந்த வாடை வந்தது. பல் தேய்த்தாலும் மிட்டாய் மென்றாலும் போகாத வாடை. என் வாயில் எச்சில் ஊறியது. வெட்கமாக இருந்தது, அவர்மேல் ஆத்திரமாகவும் இருந்தது. பொய் சொல்கிறார் என்று முறைத்தேன். முகத்தில் பொய் இல்லை. பொய் சொல்லும் முகம் எப்படி இருக்கும் என்பதைக் கண்ணாடியில் வேண்டிய மட்டும் பார்த்தவள் நான். பிறகு கீழே பார்த்தேன். பேன்ட் முழங்காலில் கிழிந்திருந்தது. பழைய கிழிசல் என்றால் நூல்முனை அழுக்கேறி உருண்டிருக்கும். இதில் நூல் வெள்ளையாக விறைத்து நின்றது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த மனிதர் இன்னும் கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் குழிக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்குவார். சட்டமாவது மண்ணாவது.

"அண்ணே, உங்க முழங்காலைப் பாருங்க."

பார்த்தார். கிழிசலுக்குள் விரலை விட்டார். தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தார். கீழே பல் குடைகிற சத்தம் நின்றிருந்தது.

"கனவுன்னுதான் நெனச்சேன் தங்கச்சி. சத்தியமா."

"தெரியும்ணே."

அறைச் சாவி எப்போதும் எங்களில் ஒருவரான பஸ் டிரைவரிடம் இருக்கும். அவர் எழுந்து வந்து கருவிப் பையை எடுத்துத் தன் நாற்காலிக்கு அடியில் தள்ளிக்கொண்டார். லிஃப்ட்காரர் தடுக்கவில்லை.

"குடிச்சது நிஜம்னா, கூட உக்காந்திருந்தது யாரு?" என்று கேட்டார்.

இன்றைக்கும் வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் அண்ணன் போனாராம்.

பஸ் டிரைவர் அசரவில்லை. வரட்டும், நாங்கள் மாற்றி மாற்றி உங்களோடு இருக்கிறோம், ஒரு நிமிஷம் தனியாக விடமாட்டோம் என்றார். கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று நான் சொன்னேன். ஆளுக்கொரு வேளையை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

லிஃப்ட்காரர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நீங்கள்லாம் இருந்தா அவரு வரமாட்டாரே," என்றார்.