சளி பிடித்த கணவர்கள்

புள்ளிவிவரத் துறையின் துணை இயக்குநர் அம்மாளுக்கு அலுவலகத்தில், அவள் முதுகுக்குப் பின்னால், ‘தசமம்’ என்று பெயர். வீட்டில் சமையல் கணவர் பொறுப்பு. அவர் ஆசையாக, “குழம்பு எப்படி?” என்று கேட்டால், “பத்துக்கு ஆறு புள்ளி நாலு” என்பாள். அந்த மனுஷனும் சளைக்காமல் மறுநாள் மறுபடி அடுப்பைப் பற்றவைப்பார்.

அந்த வருஷம் அவள் தலையில் ஆடு வந்து விழுந்தது. நாட்டில் மொத்தம் எத்தனை ஆடு என்று கால்நடை அமைச்சர் சபையில் சொல்லியாக வேண்டும். எல்லா மாவட்டமும் கணக்குக் கொடுத்துவிட்டது. கிழக்கு மாவட்டம் மட்டும் பூஜ்ஜியம் என்று எழுதி அனுப்பியிருந்தது.

“பூஜ்ஜியமாம்மா?” செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். “போன வாரம் அந்தப் பக்கம் போனேன். என் காரையே மறிச்சுக்கிட்டு நின்னுச்சே, அதெல்லாம் என்ன, முயலா?”

தசமம் அன்றைக்கே ஜீப்பில் ஏறினாள். கிழக்கில் நடந்தது இதுதான்: ஆட்டுக்கு வரி போடப்போகிறார்கள் என்று எவனோ கொளுத்திப் போட்டுவிட்டான். ஊரே ஆடுகளை வீட்டுக்குள் அடைத்துக் கதவைச் சாத்திக்கொண்டது.

முதல் வீட்டில் கதவைத் தட்டினாள். ஒரு பெண் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, இடைவெளியைத் தன் உடம்பாலேயே அடைத்துக்கொண்டு நின்றாள்.

“ஆடு இருக்காம்மா?”

“ஆடா? ஆட்டைக் கண்ணால பார்த்தே வருஷக்கணக்காச்சு மேடம்.”

உள்ளே ஒரு நீளமான “மே...” கேட்டது.

“அது யாரு?”

“வீட்டுக்காரர். சளி. தொண்டை கட்டிக்கிச்சு.”

பின்கட்டிலிருந்து இன்னொரு “மே...”, அதைத் தொடர்ந்து கீச்சென்று மூன்றாவது.

“அது?”

அந்தப் பெண் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள். “அதுவும் அவர்தான். சளி ரொம்ப ஜாஸ்தி.”

தசமத்துக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. ஜீப்புக்குள் போய் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்து முடித்தபோது, ஒரு யோசனையும் வந்திருந்தது. கணக்கெடுப்பவர்களைக் கூப்பிட்டாள்.

“இனிமே ஆடுன்னு வாயே திறக்காதீங்க. ‘உங்க வீட்டில் சளி பிடிச்ச கணவர் எத்தனை?’ன்னு மட்டும் கேளுங்க.”

ஊருக்கு இது கற்பூரமாகப் பற்றிக்கொண்டது. கணவருக்கு வரி கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். “நாலு” என்றாள் ஒருத்தி. “பெருசு ரெண்டு, குட்டி மூணு” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தெருக்கோடியில் இருந்த ஓய்வுபெற்ற காவல்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு, “எனக்கு ஒன்பது கணவர். ஒண்ணு சினை” என்றார்.

எண்ணிக்கை பிரமாதமாக வந்தது. தசமம் தட்டச்சரிடம், “தலைப்பை மட்டும் சரிபண்ணி எல்லாருக்கும் அனுப்பிடுங்க” என்றாள். அவரும் ‘சளி பிடித்த கணவர்கள்’ என்பதை அடித்துவிட்டு, ‘கடும் சளியால் பாதிக்கப்பட்ட கணவர்கள்’ என்று அழகாகச் சரிபண்ணி எல்லா அமைச்சகங்களுக்கும் அனுப்பிவைத்தார்.

சுகாதார அமைச்சகம் ஆடிப்போய்விட்டது. வீட்டுக்கு நாலைந்து கணவர்கள் படுத்த படுக்கை! சட்ட அமைச்சகமோ, சளி கிடக்கட்டும், நாலைந்து கணவர்கள் எப்படி என்று விளக்கம் கேட்டது. தசமம் செயலாளர் அறைக்கு ஓடினாள்.

“சார், அது ஆடு சார்!”

செயலாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “மருந்து லாரி கிளம்பியாச்சும்மா. அமைச்சர் கொடி அசைச்சு அனுப்பிட்டாரு. இப்பப் போய் ஆடுன்னா, கொடியைத் திருப்பி அசைக்கச் சொல்றியா? நீயே கூடப் போய் ஏதாவது பண்ணு.”

தசமம் ஜீப்பில் லாரியைப் பின்தொடர்ந்தாள். லாரியில் ஓர் இளம் மருத்துவர் இருந்தார். சிரத்தையான ஆள். அதே முதல் வீட்டில் இறங்கினார். அரசாங்கமே சோதனைக்கு வந்துவிட்டது என்று பயந்த அந்தப் பெண், உள்ளே ஓடித் தன் அசல் கணவரைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினாள்.

“இருமுங்க” என்று கிசுகிசுத்தாள்.

ஒன்றும் புரியாமல் அவர் இருமினார். நன்றாகவே இருமினார். மருத்துவர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, “இவருக்குப் பயமில்லை. மீதி ரெண்டு கணவர் எங்கே?” என்றார்.

அந்த மனுஷனுக்கு இருமல் நின்றுபோனது. “மீதி ரெண்டா?”

தெரு கூடிவிட்டது. குடும்பமே உடையப்போகிறது என்று பதறிய தசமம், ஜீப்பின் மேல் ஏறி நின்று கத்தினாள்: “ஆட்டுக்கு வரியே கிடையாது! எவனோ புளுகியிருக்கான்! எல்லாத்தையும் வெளியே விடுங்க!”

முதலில் ஒரு கதவு திறந்தது, அப்புறம் தெரு முழுக்கத் திறந்தது. அலமாரிக்குள்ளிருந்தும் கட்டிலடியிலிருந்தும் ஆடுகள் வெளியே பாய்ந்தன. ஒன்று தலையில் மப்ளரோடு வந்தது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு மனைவியைப் பார்த்தார். “இதுங்கதானா?” என்று கேட்டபடி, நிம்மதியில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தசமம் நின்ற இடத்திலேயே அந்தத் தெருவின் ஆடுகளை எண்ணினாள். அந்தத் தெருக் கணவர்களின் எண்ணிக்கையோடு அப்படியே பொருந்தியது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இத்தனை வருஷ வேலையில் முதல்முறையாக ஒரு கணக்கு நேராக வந்திருக்கிறது! ஆனந்தத்தில் மருத்துவரைக் கட்டிக்கொள்ளப் போய், கடைசி நொடியில் கைகுலுக்கலோடு நிறுத்திக்கொண்டாள்.

மாலையில் சுகாதார அமைச்சகம், கிழக்கு மாவட்டக் கணவர்கள் அனைவரும் பூரண குணம் என்று அறிவித்தது. மறுநாள் காலை மேற்கு மாவட்டத்துப் பெண்கள் அமைச்சகத்து வாசலில் திரண்டு நின்றார்கள். அவர்கள் கணவர்களையும் அரசாங்கம்தான் வந்து சரிபண்ண வேண்டுமாம்.