மூலை மேசை

மருந்துப் பாட்டில்களில் ஒட்டும் லேபிள்களைப் பிழை பார்க்கும் அறை அது. அங்கே மூத்தவளுக்குக் கழுகுக்கண் அக்கா என்று பெயர். அன்று காலை அந்தக் கழுகுக்கண் லேபிளில் இல்லை, மூலை மேசையை மேய்ந்துகொண்டிருந்தது.

அங்கே இருந்தவனுக்குப் பட்டப்பெயர் பம்பரம். வேலைக்கு வந்து நான்கே மாதம். தனக்கு ஏடிஹெச்டி இருக்கிறது, கவனம் சட்டென்று சிதறிவிடும் என்று அவனே எல்லோரிடமும் சொல்லியிருந்தான். அதனால் மேனேஜர் அவனைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார். சொல்வதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நடக்கவும் விட்டார். அக்காவுக்கு வயிறு எரிந்தது. அவளுடைய ஆடும் நாற்காலியை மாற்றித் தரத்தான் இரண்டு வருடமாக யாருக்கும் நேரமில்லை.

"நேத்து வந்தவனுக்கு ராஜ உபசாரம். எனக்கு என்ன சார் குறைச்சல்? என் கவனமுந்தான் சிதறுது."

மேனேஜருக்கு வம்பு என்றாலே ஆகாது. "சரிம்மா, நீங்களே அங்க உக்காருங்க."

பம்பரம் வாசலோரத்துக்கு வந்தான். அக்கா ஜம்மென்று மூலையில் அமர்ந்தாள். சுவரைப் பார்த்துப் பார்த்துக் கொட்டாவிதான் வந்தது. நடந்துவிட்டு வந்தால் எந்த வரியில் விட்டோம் என்பதே மறந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

பத்தாம் நாள், ஐந்து மில்லி என்று இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பது என்றிருந்ததைப் பம்பரம் தவறவிட்டான். நல்லவேளை, அச்சுக்குப் போகுமுன் வேறொருவர் பிடித்துவிட்டார். இன்னொரு பிழை வந்தால் வேலை போய்விடும் என்று அவன் கையில் கடிதம் கொடுத்தார்கள்.

சாப்பாட்டு நேரத்திலும் அவன் எழவில்லை. காதைப் பொத்திக்கொண்டு ஒரே லேபிளை நாலாவது தடவை படித்துக்கொண்டிருந்தான்.

"சாப்பிடலையா தம்பி?" என்றாள் அக்கா.

"இப்பதான்கா சத்தம் கம்மியா இருக்கு. கதவு திறந்தாலே மறுபடி முதல்லேர்ந்து பாக்க வேண்டியிருக்கு." பிறகு கேட்டான்: "அந்த எடம் உங்களுக்கு வசதியா இருக்காக்கா?"

அவன் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டான். தன் பொறாமை அவன் பிழைப்பிலேயே கை வைத்துவிட்டது என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. நேரே மேனேஜரிடம் போனாள்.

"சார், அந்த மேசை எனக்கு வெறும் வீம்புக்கு. அவனுக்கு அது இருந்தாத்தான் வேலையே ஓடும். ஒருத்தர் ஒழுங்கா வேலை செய்ய எது வேணுமோ, அதைக் குடுக்குறது சலுகை இல்ல சார், நியாயம். நான் கேட்டேன்னு நீங்களும் புடுங்கிக் குடுத்திருக்கக் கூடாது. அவன் கடிதத்தைக் கிழிச்சுப் போடுங்க. அந்த ஐம்பது மில்லியை என் பேர்ல எழுதிக்கோங்க."