கொம்பு ஊதிய பிறகு

கொம்பு ஊதிவிட்டால் முன்பக்கம் சுடக் கூடாது. க்ளென் ஃபார்டல் மலையில் பிறந்த நாய்க்குக்கூட இது தெரியும். காட்டுக்கோழிகளைக் கொடி வீசி விரட்டிக்கொண்டு வரும் ஆட்கள் கிட்டத்தில் வந்துவிட்டார்கள், இனி அந்தத் திசையில் இருப்பது பறவை இல்லை, மனிதன் என்று சொல்வதற்குத்தான் அந்தக் கொம்பு. ஒருநாள் மகுடம் சூடி நாட்டையே ஆளப்போகிற இளவரசர் கான்ராட், கொம்பு ஊதிய பிறகு முன்பக்கம் சுட்டார். துப்பாக்கி ரவை, கொடி வீசி வந்தவர்களில் ஒருவனான ஈயன் ஸ்ட்ரோனின் முகத்தில் இறங்கியது.

நெஞ்சளவு உயரமான கல் மறைப்புக்குள் இளவரசரின் பக்கத்தில் நின்றவன் டூகல் ரெனி ஒருவன்தான். அவர் ஒரு துப்பாக்கியால் சுடும்போது இன்னொன்றில் தோட்டா போட்டுக் கையில் கொடுப்பது அவன் வேலை. காதை அடைத்துக்கொண்டு சுடுகிறவருக்குக் கொம்புச் சத்தம் கேட்காது என்பதால், தோளில் தட்டிச் சொல்வதும் அவன் வேலை. தட்டினான். மறுபடியும் தட்டினான். இளவரசர் ஈயை விரட்டுவதுபோல அந்தக் கையை உதறிவிட்டு, தாழப் பறந்த ஒற்றைக் கோழியின் பின்னால் துப்பாக்கியைத் திருப்பினார். காலையிலிருந்து அவருக்கு ஒன்றும் சரியாக விழவில்லை. அந்த எரிச்சல்.

டூகல் கற்சுவரைத் தாண்டி ஓடினான். ஈயன் புதருக்குள் மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தான். இடது கண் இருந்த இடத்தில் கண் இல்லை. வலது கண் இருந்ததா போனதா என்று ரத்தத்தில் தெரியவில்லை. கன்னத்துக் கிழிசல் வழியே பல் தெரிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வாயோரம் சிவப்பாக நுரைத்தது. டூகல் தன் சட்டையைக் கழற்றி அந்த முகத்தில் வைத்து அழுத்தினான். ஈயன் யாரோ எவனோ இல்லை, டூகலின் மனைவி மோராக்கின் கூடப்பிறந்த தம்பி.

"யாரு, டூகலா?" ஈயன் கையால் துழாவி அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். "யாரு சுட்டது?"

"பேசாம இரு. மூச்சை விடு."

"யாருன்னு கேட்டேன்."

பெயர் டூகலின் நாக்கு நுனியில்தான் இருந்தது, விழுங்கிவிட்டான். திரும்பிப் பார்த்தபோது இளவரசர் சுவரைப் பிடித்துக்கொண்டு தன் காலணி மேலேயே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஹெலிகாப்டர் வந்து ஈயனைத் தூக்கிக்கொண்டு போனது. அது போன கையோடு, இளவரசரின் செயலர் சர் ஜெர்வேஸ் ஜீப்பில் வந்து இறங்கினார். சேறு படாமல் கால் வைக்க இடம் தேடித் தேடி நடந்து வந்தார். அங்கே சேற்றைவிட மோசமானது நிறையக் கிடந்தது.

"துப்பாக்கி உன் கையில இருந்துச்சு, ரெனி. தோட்டா போடறப்ப வெடிச்சுருச்சு. விபத்து. உன்மேல கேஸ் எதுவும் வராம நான் பாத்துக்கறேன்."

"என் கையில இல்ல சார்."

"நான் கேள்வி கேக்கல."

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. மறைப்புக்குள் நடப்பதைத் தோட்டாக்காரன் வெளியே சொல்ல மாட்டான். எந்தப் பிரபு குடித்துவிட்டுச் சுட்டார், எவர் அடுத்தவர் வீழ்த்திய கோழியைத் தன்னுடையது என்று சாதித்தார், எதுவும் மலையை விட்டு இறங்காது. தோட்டாக்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை. அரண்மனைக்காரர்களுக்கு அதில் எவ்வளவு லாபம் என்று டூகல் அதுவரை யோசித்ததே இல்லை. அவன் அந்தப் பெருமையில் ஊறியவன்.

அப்படியும் அவன் மசியவில்லை. இளவரசரே எழுந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது, கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கோ, ரெனி. மத்தியானம் கீழ விளையாட்டுப் போட்டிக்கு நான் போயே ஆகணும். அங்க வச்சு உன் சம்சாரத்துகிட்ட நானே சொல்றேன். எல்லார் முன்னாலயும் சொல்றேன். அது என் வாயால வரணும், உன் வாயால இல்ல. அதுவரைக்கும் நீ வாய் திறக்கக் கூடாது. வாக்கு குடு."

கையை நீட்டினார். டூகல் அந்தக் கையைப் பிடித்து வாக்கு கொடுத்தான். அவன் உள்ளங்கையில் ஈயனின் ரத்தம் காய்ந்துகூட இருக்கவில்லை. மடையன், வேறென்ன சொல்ல.

வதந்தி ஜீப்பைவிட வேகமாக மலை இறங்கியிருந்தது. டூகல் விளையாட்டு மைதானத்துக்குள் நுழைந்தபோது பேக்பைப் வாத்தியக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். சுத்தியல் எறிகிறவர்கள் எறிந்துகொண்டிருந்தார்கள். இளவரசர் கில்ட் பாவாடை கட்டி, தலை வாரி, மேடையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். நல்ல நிறமாக இருந்தார். யாரோ கன்னத்துக்குப் பூசிவிட்டிருக்க வேண்டும்.

மோராக் நுழைவாயிலிலேயே நின்றிருந்தாள். ஹெலிகாப்டரில் அவளுக்கு இடம் தரவில்லை. ஊருக்கு ஒரே சாலை, அதையும் இளவரசர் திரும்பிப் போகும்வரை போலீஸ் அடைத்து வைத்திருந்தது. தம்பி அங்கே சாகிறானா பிழைக்கிறானா என்று தெரியாமல், வாத்தியச் சத்தத்துக்கு நடுவே அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிலேருந்து போன் வந்துச்சு," என்றாள். "ரெண்டு கண்ணும் போச்சாம். உன் கையில வெடிச்சுதுன்னு சொல்றாங்க. நிஜமா?"

டூகல் மேடையைப் பார்த்தான். இளவரசர் யாரிடமோ குனிந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் வரைக்கும் பொறு, மோராக்."

"சாயங்காலம் என்ன வருது? கண்ணு வருதா?"

அவள் கசாப்புக்கடையில் எலும்பு வெட்டுகிறவள். முஷ்டியை மடக்கி ஒரே குத்து. டூகலின் கீழுதடு பல்லில் பட்டுப் பிளந்தது. அவன் கை ஓங்கவில்லை, தடுக்கவும் இல்லை. அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. மறுபடியும் குத்திவிட்டு, அழுதுகொண்டே போய்விட்டாள்.

மிச்சத்தை ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். கயிறிழுக்கும் குழுவில் கடைசி ஆளாக நின்று கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொள்கிறவன் ஈயன். அந்தக் குழுக்காரர்கள் டூகலை பியர் கூடாரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள்.

"ராசா வீட்டுத் துப்பாக்கியைத் துடைக்கத் தெரியுது, மச்சினன் மூஞ்சி மட்டும் அடையாளம் தெரியலையோ?" என்றான் ஃபெர்கஸ். அவன்தான் குழுத்தலைவன், ஈயனின் சிநேகிதன்.

"நான் ஒண்ணும் சொல்ல முடியாது, ஃபெர்கஸ்."

"சொல்ல வேணாம். வாங்கிக்கோ."

வயிற்றில் உதைத்தார்கள். விழுந்தவனின் விலாவில் உதைத்தார்கள். ஒரு எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. கூடார முளைக்கட்டையில் தலை மோதி நெற்றி கிழிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை காலும் நின்றுவிடும். அந்த வார்த்தையை அவன் பல்லுக்குள் பிடித்துக்கொண்டான். சாயங்காலம் அவர் சொல்வார், மோராக் கேட்பாள், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். அடித்துக் களைத்த ஃபெர்கஸ் அவன்மேல் துப்பிவிட்டுக் கயிறிழுக்கப் போனான்.

அவர்கள் ஆள் குறைவோடு இழுத்தார்கள், வெறியில் இழுத்தார்கள், ஜெயித்துவிட்டார்கள். கோப்பையை ஈயனுக்குப் பதிலாக அவன் அக்கா வாங்கட்டும் என்றார்கள்.

டூகல் கூடாரத் துணியைப் பிடித்து எழுந்து, விலாவை அமுக்கிக்கொண்டு, பரிசு மேசைப் பக்கம் கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றை நோக்கி நடந்தான். கூட்டம் அருவருப்போடு வழிவிட்டது. இப்போதுதான் அந்த நேரம். இளவரசர் எழுந்தார். மோராக் முழங்காலை மடக்கி வணங்கினாள். வெள்ளிக் கோப்பையை அவள் கையில் கொடுத்தார்.

"உங்க தம்பியைப் பத்திக் கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருக்கு. தைரியமா இருங்க."

அவ்வளவுதான். புகைப்படக்காரர்கள் கேமராவைச் சொடுக்கினார்கள். சர் ஜெர்வேஸ் அவர் முழங்கையை லேசாகத் தொட்டார். கயிற்றோரம் நிற்கிறவர்களிடம் ஆளுக்கொரு வார்த்தை பேசிக்கொண்டே காருக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. ஒரு கிழவரிடம் வானிலை பற்றிப் பேசினார். ஒரு குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். அடுத்த முகம் டூகலுடையது. நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து ஒரு கண்ணை மூடியிருந்தது.

இளவரசரின் சிரிப்பு ஒரு கணம் தடுமாறியது. பிறகு, யாரைக் கண்டாலும் அதே கேள்வியைக் கேட்கச் சின்ன வயதிலிருந்து பழக்கிய வாய் தானாகத் திறந்தது.

"ரொம்ப தூரத்துலேருந்தா வர்றீங்க?"

டூகல் அவரையே பார்த்தான். உள்ளே ஏதோ அறுந்துவிட்டது. வலி எல்லாம் போய், வெறும் அருவருப்புதான் மிஞ்சியது.

"இல்ல சார்," என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி. "உங்க பக்கத்துலேருந்துதான் வர்றேன். காலையில கொம்பு ஊதினப்ப உங்க தோள்ல தட்டினேனே, நான்தான்."

அந்த ஊரில் அதற்கு விளக்கம் யாருக்கும் தேவையில்லை. ஃபெர்கஸ் தன் கைகளைப் பார்த்தான். மோராக் கோப்பையோடு நின்ற இடத்திலிருந்து இளவரசரின் முகத்தைப் பார்த்தாள். சிவப்புப் பூச்சுக்கு அடியில் அது வெளுப்பதைப் பார்த்தாள். அது போதுமானதாக இருந்தது.

கோப்பையை இரண்டு கையாலும் ஓங்கி அவர் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்தது. இரண்டாவது அடி காதோரம் விழுந்தது. மூன்றாவதற்குள் காவலர்கள் அவளைப் புல்லில் சாய்த்து, மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் முறுக்கினார்கள். அது சுள்ளி ஒடிவதுபோல ஒடிந்தது. அவள் அலறினாள். டூகல் கயிற்றைத் தாண்டிப் பாய்ந்தான். தடி அவன் முழங்காலில் விழுந்தது, பிறகு கழுத்தில். அவள் பக்கத்திலேயே குப்புற விழுந்தான். ஒரு காவலரின் பூட்ஸ் அவன் கழுத்தை மிதித்துக்கொண்டது.

"வாசிங்க," என்று சர் ஜெர்வேஸ் கத்தினார். வாத்தியங்கள் முழங்கத் தொடங்கின. மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டிருந்த இளவரசர் அவர்கள் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். மன்னிப்பாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். யார் காதிலும் விழவில்லை. அவரைத் தூக்காத குறையாகக் காருக்குக் கொண்டுபோனார்கள். சாலையைத் திறந்துவிட்டார்கள்.

மோராக்கின் கன்னம் புல்லில் அழுந்தியிருந்தது. டூகலின் முகம் கைநீளத் தூரத்தில் இருந்தது.

"வாசல்ல கேட்டப்பவே எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வாக்கு குடுத்திருந்தேன்."

"யாருக்கு?"

"அவருக்கு."

அவள் தான் அடித்து உடைத்த உதட்டைத்தான் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. மன்னித்துவிடுவாள் என்றுகூட நினைத்தான்.

"எனக்கும்தான் ஒரு வாக்கு குடுத்த, டூகல்," என்றாள். "கல்யாணத்தன்னிக்கு சர்ச்சுல வச்சு, ஈயன் பக்கத்துல நிக்கறப்ப."

பிறகு, கழுத்தைத் திருப்ப முடிந்தவரை திருப்பி, முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள்.