தாய்க்கரடித் தாள்

"ஒரிஜினல்" என்பது அவருக்கு நண்பர்கள் வைத்த பெயர். வீட்டுக்கு வந்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட, "அது கிடக்கட்டும், முதல்ல இதைப் பாருங்க, ஒரிஜினல்" என்று சுவர்ப் பக்கம் இழுத்துப் போய்விடுவார். சுவர் முழுக்கப் பழைய கார்ட்டூன் படங்களுக்காகத் தீட்டிய கண்ணாடித்தாள்கள். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு தாள் தீட்டி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்துப் படம்பிடித்த காலத்துச் சொத்து. அச்சுப் பிரதி வைத்திருப்பவர்களை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. யாராவது ஒரு படத்தின் ஆண்டைத் தப்பாகச் சொல்லிவிட்டால் போச்சு. திருத்தாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

நடுச்சுவரில், காற்றுப் புகாமல் நாலு பக்கமும் பசை வைத்து அடைத்த கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தாய்க்கரடி. ஆற்றில் இடுப்பளவு நின்று, இரண்டு கைகளாலும் எதையோ மார்போடு அணைத்திருந்தது. கைகளுக்குள் ஒன்றும் இல்லை.

"இதுதான் வெறுமையின் வடிவம்," என்பார். "இல்லாததைத் தீட்டுறான் பாருங்க, அவன் கலைஞன்." விருந்தாளிகள் புரிந்ததுபோல் நெற்றியைச் சுருக்குவார்கள். தாள் கொஞ்சம் நெளிஞ்சிருக்கே என்று கேட்ட ஒருவரிடம், "ஆத்துத் தண்ணியோட அசைவு அது" என்று கூசாமல் சொன்னார்.

வெறுமையும் இல்லை, வடிவமும் இல்லை. குட்டிக்கரடியைத் தனித்தாளில் தீட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். அந்தத் தாள் அவரைப் பிரிந்துபோன மனைவியிடம் இருந்தது. படத்தில் கரடி குட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் இடம் வந்தால் சோபாவில் ஏறி அம்மா கழுத்தைக் கட்டிக்கொள்ளும் மகளுக்காக, இரண்டு தாளையும் சேர்த்தே வாங்கியிருந்தார்கள். வாலு என்றுதான் அவளைக் கூப்பிடுவது. ஏழு வயதில் ஒரு காய்ச்சல் வாலுவைக் கொண்டுபோயிற்று. அதன்பிறகு அந்த வீட்டில் இருவருக்கும் மூச்சு முட்டியது. பிரியும்போது வீட்டுக்கும் காருக்கும் சண்டை வரவில்லை. இதற்கு வந்தது. கடைசியில் அவள் தாள்களைப் பிரித்தெடுத்து, "குட்டி எனக்கு" என்றாள். மறுநாளே அவர் மிச்சத்தைச் சட்டத்தில் போட்டு அடைத்துவிட்டார். இனி ஒரு துரும்புகூடக் குறையக் கூடாது என்று.

வருஷங்கள் கழித்து ஒரு கண்காட்சிக்காரர், காட்சி முழுசாக இருந்தால் வாங்கி வைக்கிறேன் என்றார். ஒரிஜினலுக்கு அந்தச் சாக்குப் போதும். சட்டத்தைச் சுமந்துகொண்டு பிரிந்த மனைவியின் வாசலில் போய் நின்றார். அவள் பல் டாக்டர். கீழே கிளினிக், மேலே வீடு.

"வாங்க. பல்லுல கோளாறா, சொல்லுல கோளாறா?"

"கண்காட்சி வைக்கிறாங்க. கலைக்கு நாம செய்ய வேண்டிய கடமைன்னு ஒண்ணு..."

"மைக்கைக் கீழ வைங்க. குட்டியைப் பாக்கணும், அதானே?"

பல் டாக்டர் முன்னால் வாயை மூடியவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அலமாரியில் வாலுவின் கவுன்களுக்கு நடுவிலிருந்து தாளை எடுத்துவந்தாள்.

"இப்படியா வைப்பாங்க? கண்ணாடி போட்டு அடைக்க வேணாமா?"

"அவளுக்கு மூச்சு முட்டும்."

அவர் கத்தியால் சட்டத்தைப் பிளந்தார். வினிகர் நெடி குப்பென்று அடித்தது. "என்னங்க, அம்மாவை ஊறப் போட்டு வெச்சிருந்தீங்களா?"

அவர் தாளை மெல்ல வெளியே உருவினார். இந்தத் தாளுக்குக் காற்று வேண்டும். அடைத்துவைத்தால் தன்னிடமிருந்தே கசியும் புளிப்பில் தானே வெந்து சுருங்கும். நேற்று சேகரிக்க ஆரம்பித்தவனுக்குக்கூடத் தெரிந்த பாடம். அவரே பத்துப் பேருக்குப் போதித்திருக்கிறார்.

தாள்களின் ஓரத்துளைகளை மாட்டி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த, மூன்று முளை வைத்த பட்டை ஒன்றும் கொண்டுவந்திருந்தார். குட்டியின் துளைகள் முளைகளில் கச்சிதமாக உட்கார்ந்தன. தாயின் துளைகள் உட்காரவில்லை. நகர்த்திப் பார்த்தார். அவளும் ஒரு ஓரத்தைப் பிடித்தாள். குட்டியின் தலை தாயின் தோளில் சாய்ந்தால் கால்கள் வெளியே தொங்கின. கால்களை உள்ளே கொண்டுவந்தால் தலை தோளைத் தாண்டியது. எப்படி வைத்தும் அந்தக் கைகள் குட்டியைச் சுற்றிச் சேரவில்லை.

அவள் அந்த இடைவெளியில் விரலை வைத்தாள். விரலை வெகுநேரம் அங்கிருந்து எடுக்கவில்லை.

"பாத்தீங்களா," என்றாள். "கைக்குள்ள அடங்கல. வளந்துட்டா."

குட்டி மயிரிழைகூட வளரவில்லை. சுருங்கியது தாய். அதைச் சுருக்கியது யார் என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு படத்தின் ஆண்டைத் தப்பாகச் சொன்னாலே பொறுக்காத மனிதர் வாயைத் திறந்தார்.

"ஆமா," என்றார். "நல்லா வளந்துட்டா."