கிருபை என்கிற இடத்தில்

எங்கள் ஃபாரோ தீவுகளில் ஒரே ஞானப்பாட்டை ஊருக்கு ஊர் வேறு மாதிரி பாடுவோம். புத்தகம் ஒன்று, வார்த்தை ஒன்று, அதுவும் டேனிஷ் வார்த்தை. ராகத்தை மட்டும் அவரவர் பாட்டன் பூட்டன் எப்படி இழுத்தார்களோ அப்படியே இழுப்போம். காணாமல் போனவனைக் கர்த்தர் தேடி வந்து மீட்ட அந்தப் பாட்டில் ‘கிருபை’ என்றொரு சொல் வரும். நான் பிறந்த ஹோல்மாரில் அந்த இடத்தில் குரலை மேலே தூக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, மெதுவாகத்தான் இறக்குவார்கள். நான் வாழ்க்கைப்பட்ட கிராஸ்விக்கில் உருளைக்கிழங்கு மூட்டையைத் தோளிலிருந்து போடுகிற மாதிரி தொப்பென்று கீழே போட்டுவிடுவார்கள். எனக்குக் கேட்கவே பொறுக்காது.

கல்யாணமாகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் எல்லோரும் இறங்க, நான் மட்டும் ஏறினேன். முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வெளியே வந்ததும் என் வீட்டுக்காரரின் அக்கா பில்லா பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டி சுன்னெவா, கிருபையைக் கொண்டுபோய்ப் பரண்ல ஏத்திட்டியே, இனி யாரு இறக்குறது?”

“உங்கள மாதிரி கீழ போட்டா உடைஞ்சிரும் மதினி.”

என் வீட்டுக்காரர் டான்யால் சிரித்தார். அதற்குப் பிறகு என்னைச் சீண்ட வேண்டுமென்றால் வீட்டில் அந்த இடத்தைப் பாடிக் காட்டுவார். முதல் சுற்று எப்படியோ வந்துவிடும். இரண்டாவதில் குரல் உடைந்துபோகும். பில்லா எவ்வளவு கேலி செய்தும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. எதற்கு மாற்ற வேண்டும்?

வசந்தம் வந்ததும் டான்யாலும் ஊர் ஆண்களுமாக எட்டுப் பேர் ஒரே படகில் மீன் பிடிக்கப் போனார்கள். துடுப்பைப் போடுமுன் வழக்கம்போலத் தொப்பியைக் கழற்றி அந்தப் பாட்டையே பாடிவிட்டுத்தான் போனார்கள். படகுக்குத் தலைவர் ஹானுஸ். மத்தியானம் நான் ஆட்டிறைச்சி காய்கிற கொட்டகையில் இருந்தபோது கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. கையை நீட்டினால் கை தெரியவில்லை.

பனிமூட்டம் விழுந்தால் பெண்கள் படகுத்துறைப் பாறையில் நின்று பாட வேண்டும். கோயில் மணி உதவாது. அது மலையில் மோதி எல்லாப் பக்கமிருந்தும் கேட்கும், எந்த ஊர் மணி என்றும் தெரியாது. பாட்டு அப்படியில்லை. எந்த ஊர் ராகம் என்று கேட்டுத்தான், எந்தக் கரைக்கு முன்னால் நிற்கிறோம் என்று ஆண்கள் கண்டுகொள்வார்கள்.

ஓடிப்போய் நின்று பாடினோம். அலைச் சத்தத்தில் மற்றவர்களின் குரல் காலடியிலேயே விழுந்தது. தூரம் போனது என் குரல்தான். கிருபை வந்தது. ஏறினேன்.

பில்லா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“நிறுத்துடி பாவி! இது ஹோல்மார்ப் பாட்டாச்சே! ஹோல்மார் முன்னால நிக்கிறோம்னு நெனச்சு இடது பக்கம் திருப்பிருவாங்கடி!”

கடலிலிருந்து வருகிறவர்களுக்கு ஹோல்மாரில் துறை, பாடுகிற பாறைக்கு இடது பக்கம். இங்கே இடது பக்கம் இருப்பது கறுப்புத்தட்டு என்கிற பாறை. அதில் மோதிய படகு எதுவும் மிஞ்சியதில்லை.

மறுபடி பாடினேன், அவர்கள் மாதிரியே. இறக்கத்தான் நினைத்தேன். ஆனால் பயத்தில் தொண்டை தனக்குத் தெரிந்த வழியிலேயே போய், மேலே ஏறிவிட்டது. பில்லா வீறிட்டாள். நான் சால்வையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டேன்.

மற்ற பெண்கள் தொண்டை கிழியப் பாடினார்கள். அது நாலடி தாண்டியிருக்காது. பாடினால் பாறைக்கு அனுப்புவேன், பாடாவிட்டால் எதையும் கேட்காமல் சுற்றுவார்கள். இரண்டும் என் கையில்தான் இருந்தது. என் தொண்டையை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே, அவரை விட்டுவிடும் என்று சால்வைக்குள் முனகினேன்.

துடுப்பு உரசுகிற சத்தம் லேசாகக் கேட்டது. கறுப்புத்தட்டு இருக்கிற பக்கமிருந்து.

“தட்டுப் பக்கம் போறாங்க,” என்றாள் பில்லா. “என் தம்பி போறாண்டி.”

அப்போது பனிக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் பாடியது. தனிக்குரல். கிருபை என்கிற இடத்தில் மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டாவதில் உடைந்தது.

“யாருடி அது? ஹோல்மார்ப் படகா?”

“ஹோல்மார்ல எந்த ஆம்பளையும் இவ்வளவு கேவலமாப் பாட மாட்டான் மதினி. அது உங்க தம்பி. என்னத்தான் கூப்பிடுறாரு.”

சால்வையைப் பிடுங்கி எறிந்தேன். அவர் உடைத்த இடத்திலிருந்து எடுத்து, இரண்டு சுற்றும் சுற்றிப் பாடினேன். பில்லா என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் வாயைத் திறந்து என்னோடு ஏறினாள். அவளுக்கும் வரவில்லை. இருந்தாலும் விடாமல் ஏறினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

படகின் மூக்கு பனியைக் கிழித்துக்கொண்டு நேரே துறைக்குள் வந்தது. எட்டுப் பேரும் இருந்தார்கள். ஹானுஸ் முதலில் இறங்கினார்.

“ஹோல்மார்னு நெனச்சு நான் இடது பக்கம் திருப்பச் சொன்னேன். இவன் கேக்கல. திருப்ப விடாமத் துடுப்பக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டான்.”

“அது ஊரு இல்லண்ணே, எம் பொண்டாட்டின்னு சொன்னேன்ல,” என்றார் டான்யால். பிறகு என் பக்கம் திரும்பினார். “உன் குரலப் புடிச்சுக்கிட்டு நேராத்தான் வந்துக்கிட்டிருந்தோம். நீ நிறுத்தினதும்தான் வழி தப்பிப் போச்சு. தட்டுல அலை அடிக்கிறது பக்கத்துல கேட்டுச்சு. ஏன் புள்ள நிறுத்தின?”

நான் குனிந்து கீழே கிடந்த சால்வையை எடுத்தேன்.

“நான்தாண்டா நிறுத்தச் சொன்னேன்,” என்றாள் பில்லா.