நாலாவது அணி

கத்தானியாக்காரர் போய்விட்டார்கள். போகட்டும், நாசமாய்ப் போகட்டும் என்றுதான் சாந்தரூபன் முதலில் சொன்னான். அந்தப் போக்கு தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டது என்று பிறகுதான் அவனுக்கு விளங்கியது.

விஷயம் இதுதான். ஐரோப்பாவில் இருக்கிற நம்மவர்களின் கரப்பந்தாட்டக் கழகங்களுக்கு ஓர் ஒன்றியம் உண்டு. கோடைதோறும் ஒரு பெரிய சுற்றுப்போட்டி வைப்பார்கள், இந்த முறை ஜெர்மனியில். ஒரு வட்டாரத்தில் நாலு கழகங்கள் இருந்தால் அங்கே வென்றவர்களுக்கு அதில் நேரடி இடம். நாலுக்குக் குறைந்தால் ஒன்றுமில்லை, வீட்டில் இருந்து படம் பார்க்கலாம். இத்தாலியின் சிசிலித் தீவில் இருந்ததே நாலுதான்: சாந்தரூபனின் பலேர்மோ, மெசினா, த்ராப்பனி, கத்தானியா. நாப்போலி வட்டாரத்தில் உள்ளரங்கு இருக்கிறது, விளம்பரம் தருகிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள் என்று கண்டதும் கத்தானியாவின் இராஜதுரை ஒரு போன்கூட எடுக்காமல் கழகத்தை அந்தப் பக்கம் மாற்றிவிட்டான்.

சாந்தரூபனுக்கு இது விளையாட்டுப் பேச்சல்ல. வன்னியில் அவனோடு ஒரே அணியில் ஆடிய சுலக்சன் இப்போது ஒஸ்லோ கழகத்தில் ஆடுகிறான். வருஷா வருஷம் போன் எடுத்து, "இந்த முறையாவது வாறியோ, மச்சான்?" என்று கேட்பான். சாந்தரூபன் ஒரு வருஷமும் போகவில்லை, ஒவ்வொரு முறையும் கத்தானியாவிடம் தோற்றான். வருகிற இலையுதிர்காலத்தில் முழங்காலில் சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகு துள்ளி அடிக்கிற கதையே வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இந்தக் கோடைதான் கடைசி. கத்தானியாவும் இல்லாத கோடை, நாலாவது அணி ஒன்றுதான் குறை.

அணியிலே பாதிப் பேர் மன்னார்ப் பெடியள். அவர்களில் எமிலியானுஸ்தான் சூரன். துறைமுகத்தில் நாப்போலிக்குப் போகும் கப்பலின் அறைகளைத் துப்புரவாக்கும் வேலையை அவனுக்கு எடுத்துக் கொடுத்ததும் சாந்தரூபன்தான். ஒரு கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று விரிப்பை இழுத்துக்கொண்டிருந்தபோது கதையைத் தொடங்கினான்.

"எமில், நீ உங்கடை ஆக்களை வைச்சு ஒரு கழகம் போடு. மெசினாவையும் த்ராப்பனியையும் அடியுங்கோ, எனக்கு ஆட்சேபனை இல்லை. எங்களோடை வந்தால் மட்டும் விட்டுத் தாங்கோ."

"ஒரு கழகத்திலை பதிஞ்சால் அந்த வருஷம் மாறேலாது எல்லோ, ரூபண்ணை? அப்ப எனக்கு ஜெர்மனி இல்லை."

"அடுத்த வருஷம் பாப்பம். நீங்கள் வெல்லத் தேவையில்லை. பேருக்கு நிண்டால் காணும்."

எமிலியானுஸ் தலையணை உறையை மாட்டி முடித்தான். பிறகு, "வேலை எடுத்துத் தந்த ஆள் கேக்கிறியள், மாட்டன் எண்டு என்னெண்டு சொல்லுறது?" என்றான்.

அத்தோடு விட்டிருக்கலாம். 'பலேர்மோ இரண்டு' என்று பெயர் வைத்திருந்தால் ஒரு தொல்லையுமில்லை. ஒன்றியத்துக்குச் சந்தேகம் வந்துவிடுமாம், உண்மையான கழகம் போலத் தெரிய வேண்டுமாம். 'மன்னார் அந்தோனியார் கழகம்' என்று பெயர் சூட்டியவன் சாந்தரூபனேதான். கோதாரி விழுந்த மூளை!

"ஊர்ப் பேரையும் குடுத்து அந்தோனியாரையும் குடுத்திட்டுத் தோற்கச் சொல்லுறியள். ஆர் தோற்பினம்?" என்று அவன் மனைவி நிசாந்தி கேட்டாள். குசினிக் குப்பையைக் கொண்டுபோய்ப் போடு என்று சொன்னதை எப்படிக் கேளாமல் இருந்தானோ, இதையும் அப்படியே கேளாமல் இருந்தான்.

ஒரு மாதத்துக்குள் பலேர்மோவின் போர்கோ வெக்கியோச் சந்தையில் மன்னார்ப் பெண்களுக்கு வேறு கதையே இல்லை. அவர்களில் கத்தரீனா அக்கா கொடி தைத்தாள். ஞாயிறு பூசை முடிய சுவாமியார் சட்டைகளுக்குத் தீர்த்தம் தெளித்தார். நேற்றுவரை சாந்தரூபனின் அணிக்குத் தண்ணீர்ப் போத்தல் தூக்கிய பெடியள் கூட இப்போது, "ரூபண்ணை, பாத்து ஆடுங்கோ" என்று நக்கலடித்தார்கள்.

வட்டார இறுதிப் போட்டி, சாந்தரூபனின் அணிக்கும் அந்தோனியார் கழகத்துக்கும் இடையில், தேவாலயத்தின் பின்முற்றத்தில். முதல் செற்றை எமிலியானுஸ் சொன்னபடி விட்டான். அடிக்க வேண்டிய பந்துகளைத் தட்டிவிட்டான், ஒன்றிரண்டை வலைக்குள் போட்டான். சாந்தரூபன் மனதுக்குள் ஜெர்மனிக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துக் கத்தரீனா அக்கா, ஆட்டத்தை ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்த போனை உயர்த்திப் பிடித்தாள்.

"எமில், மன்னாரிலை கோயில் வளவுக்குள்ளை பெரிய திரை போட்டுப் பாக்கினமாம். உன்ரை அம்மா முன் வரிசையிலை இருக்கிறா."

எமிலியானுஸ் போனைப் பார்த்தான். பிறகு வலைக்கு மேலால் சாந்தரூபனைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்கிற பார்வை அது. கேட்டு என்ன? அடுத்த பந்தை அவன் அடித்த அடியில் சாந்தரூபனுக்குக் கை மரத்துப் போனது.

கடைசிச் செற்றின் கடைசிப் பந்து. சாந்தரூபன் முழங்காலை மறந்து துள்ளினான், முழு உயரத்துக்கும் துள்ளினான். வலையின் மறுபக்கத்தில் எமிலியானுஸின் இரண்டு கைகளும் எழுந்து நின்றன. பந்து திரும்பி சாந்தரூபனின் காலடியிலேயே விழுந்தது. முற்றம் முழுக்க அந்தோனியாரின் பெயர். இவன் வைத்த பெயர்.

அன்று பின்னேரமே சுலக்சன் போன் எடுத்தான். "மச்சான், பலேர்மோக் கழகம் வெண்டிட்டுதாம்! வாறாய் என்ன?" வென்றது பலேர்மோவின் மற்றக் கழகம், அந்தோனியார் கழகம் என்று சாந்தரூபன் சொல்லி முடிக்க நேரமெடுத்தது. அன்றிரவு சாந்தரூபன் சாப்பிடவில்லை. நிசாந்தி சோற்றை மூடி வைத்தாள், அதுதான் இன்னும் சுட்டது.

திங்கட்கிழமை மறுபடியும் அதே கப்பல், அதே விரிப்பு. எமிலியானுஸ் நிமிர்ந்து பார்க்காமலே பேசினான்.

"அம்மாவுக்கு முன்னாலை ஏலாமப் போச்சு, ரூபண்ணை. என்னைப் பேசுங்கோ."

ஏசுவதற்குச் சாந்தரூபனின் வாயில் வந்ததெல்லாம் தன்னையே ஏசுகிற சொற்கள்.

"ஒண்டு கேக்கலாமே? கழகத்தைக் கலைச்சுப் போடாதேங்கோ. நீங்கள் இல்லாட்டி அடுத்த வருஷம் மூண்டுதான், எங்களுக்கு நேரடி இடம் போயிடும். ஆக்கள் காணாட்டி எங்கடை பெடியளைத் தாறன். நீங்கள் அந்தக் காலோடை ஆடத் தேவையில்லை, அண்ணை. பேருக்கு நிண்டால் காணும்."

அவன் குத்திக்காட்டவில்லை. அவன் முகத்தில் உண்மையான கவலைதான் இருந்தது.

சாந்தரூபன் விரிப்பின் தன் பக்க நுனியை மெத்தைக்குக் கீழே செருகினான்.

"ஓம்," என்றான்.